இறக்கத்தில் சேமித்தது



சேர்வராயன் மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கார்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் பொறியியல் கற்றவன் அல்லன். பணிமனை நடத்துபவனும் அல்லன். பிறர் ஒருவர் நான்கு ஆண்டுகள் ஓட்டி விற்ற காரை வாங்கி, ஏழு ஆண்டுகளுக்கு மேலாக இம்மலையில் ஏற்றியும் இறக்கியும் வருகிறேன் என்பது ஒன்றே என் தகுதி. அந்தக் கார் பெட்ரோலையும் மின்சாரத்தையும் சேர்த்து இயங்கும் வகையைச் சார்ந்தது. ஹைபிரிட் கார் என்று அதனை வழங்குகின்றனர். அத்தகைய காரைப் பழையதாக வாங்கி நெடுநாள் வைத்திருந்தால் என்ன நேரும் என்பதைத்தான், நான் பட்டறிந்த வரையில், இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் 2017ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். அவ்வாண்டிலேயே என் மனைவிக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் மாதம் இருமுறை சேலத்திலுள்ள மருத்துவமனைக்குச் சென்று வரவேண்டிய நிலை. ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்தில் ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் கியரை மாற்றும்போது ஏற்படும் குலுக்கலை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள். வீடு திரும்பிய பின் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். கியர் மாற்றும் குலுக்கலே இல்லாத கார் ஒன்று வேண்டும் என்று நான் தேடத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

2018ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் அன்பர் ஒருவர் தம்முடைய டொயோட்டா காம்ரி ஹைபிரிட் காரை விற்க முன்வந்தார். அது 2014ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. புதிதாக விற்ற விலையில் ஏறத்தாழ பாதிக்கு அதனைக் கொடுத்தார். என் பணிக்கொடையில் பெரும்பகுதி அதற்குச் சென்றது. "சாக்குக்கட்டியைக்கூடப் பாதியாக ஒடித்து வகுப்புக்கு அனுப்பியவர், இவ்வளவு பெரிய காரா வாங்கினார்!" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்பேச்சில் நியாயம் இருந்தது. அதனால்தான் அன்று முதல் ஒரு கோடிட்ட பள்ளிக் குறிப்பேட்டில் இக்காரின் ஒவ்வொரு செலவையும் எழுதி வருகிறேன்.

இவ்வகைக் கார் நேற்றுத் தோன்றியதன்று. பெட்ரோல் இயந்திரத்தையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் இணைக்கும் முயற்சியை 1900ஆம் ஆண்டு வாக்கிலேயே ஃபெர்டினாண்டு போர்ஷே ஆஸ்திரியாவில் செய்து பார்த்தார். பெருமளவில் உற்பத்தியான முதல் ஹைபிரிட் கார், 1997ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ். நம் நாட்டிற்கு 2008ஆம் ஆண்டில் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் இறக்குமதியாகி வந்தது. 2010இல் பிரியஸ் வந்தது. 2013இல் காம்ரி ஹைபிரிட் கர்நாடகத்தில் பிடதி ஆலையிலேயே இணைத்து உருவாக்கப்படலாயிற்று. 2015இல் நடுவணரசு இத்தகைய ஊர்திகளுக்குச் சலுகை அளித்தது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, பெரிய ஹைபிரிட் கார்களுக்கு மேல்வரியும் சேர்ந்து 43 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. ஆகவே இவை நம் சாலைகளில் பெருகவில்லை. பழைய ஹைபிரிட் காரை வாங்கவும் பலர் அஞ்சினர். "பாட்டரி போனால் என்ன செய்வது?" என்பதே அவ்வச்சம். எனக்குப் பாதி விலையில் கார் கிடைத்தது அந்த அச்சத்தினால்தான்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. அவ்விதிப்படியே இக்காரின் வேலையை விளக்குகிறேன். முன்னாளில் சைக்கிளின் சக்கரத்தோடு ஒட்டிச் சுழலும் சிறிய டைனமோ இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதனைச் சக்கரத்தின்மீது சாய்த்தவுடன் விளக்கு எரியும். அதே சமயம் மிதிப்பது கடினமாகும். விளக்கின் ஒளி நம் கால்களின் உழைப்பிலிருந்து வந்தது. சக்கரத்தைச் சற்றே தடுத்துத்தான் டைனமோ மின்சாரம் தந்தது. இந்தக் காரிலும் அதுவே நடக்கிறது. வேகத்தைக் குறைக்க வேண்டியபோது, சக்கரத்தை ஓட்டும் மின்மோட்டாரே டைனமோவாக மாறிச் சக்கரத்தைத் தடுக்கிறது. சாதாரணக் காரில் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போகும் ஆற்றல், இதில் மின்சாரமாகிப் பாட்டரியில் சேர்கிறது. ஏற்றத்தில் அந்த மின்சாரம் இயந்திரத்துக்குத் தோள் கொடுக்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நுகத்தைத் தாங்க, மற்றொன்று மூச்சு வாங்குவதுபோல என்று கொள்ளலாம்.

இயந்திரமும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரு பற்சக்கரத் தொகுதியால் பிணைக்கப்பட்டுள்ளன. நடுவில் ஒரு சக்கரம், அதனைச் சுற்றி வரும் சிறு சக்கரங்கள், அவற்றை வளைத்து ஒரு பெருவளையம். ஞாயிற்றைச் சுற்றும் கோள்களைப் போன்ற அமைப்பு. கிளச்சு இல்லை, தனியான ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. இல்லாத உறுப்பு பழுதாவதில்லை. பழைய காரை வாங்குபவனுக்கு இது பெரிய ஆறுதல். பின்னிருக்கைக்குப் பின்னே நிக்கல் கலந்த பாட்டரித் தொகுதி உள்ளது. அதில் 34 பகுதிகள். பகுதிக்கு 6 அறைகளாக மொத்தம் 204 அறைகள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 245 வோல்ட். செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் அந்த மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றன. பயிற்சி பெறாதவர் அக்கம்பிகளைத் தொடலாகாது. இதனை எச்சரிக்கையாகவே கூறுகிறேன்.

இனி மலைக்கு வருவோம். வாங்கிய புதிதில் நான் ஒரு பெரும் பிழை செய்தேன். இறக்கத்தில் பாட்டரி நிறைகிறது என்று கேட்டதும், ஏற்காட்டிலிருந்து சேலம் வரை இறங்கினால் ஊரெல்லாம் சுற்றுவதற்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும் என்று மனக்கோட்டை கட்டினேன். இரண்டாம் முறை இறங்கும்போது பாதி வழியில் ஏதோ கருகும் நாற்றம் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். சக்கரங்களின் அருகே கை வைக்க முடியவில்லை; பிரேக்குகள் அவ்வளவு சூடாகியிருந்தன. அன்றிரவு குறிப்பேட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை போட்டுக் காட்டிய கணக்குத்தான்.

ஏற்காடு சேலத்தைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆட்களோடு காரின் எடை சுமார் 1,800 கிலோகிராம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 6 யூனிட். பாட்டரியின் முழுக் கொள்ளளவோ 1.6 யூனிட்தான். அதனையும் ஒரேயடியாக நிரப்பவோ, ஒரேயடியாக வெறுமையாக்கவோ காரிலுள்ள கணிப்பொறி இடங்கொடுப்பதில்லை. பாட்டரி நெடுநாள் வாழவேண்டும் என்பதற்காகப் பாதிக்கும் குறைவான அளவுக்குள்ளேயே அதனை ஏற்றியும் இறக்கியும் வைக்கிறது. ஆகவே மலை ஆறு படி அளக்க, நாம் நீட்டும் பாத்திரம் ஏறத்தாழ அரைப்படியே கொள்கிறது. பத்தில் ஒரு பங்குதான் நமக்கு. மிச்சம் காற்றின் தடையிலும், சக்கரத்தின் உராய்விலும், இயந்திரத்திலும், பிரேக்கிலும் சூடாகிப் போகவேண்டியதுதான்.

கீழிருந்து மேலாக வளைவுகளை எண்ணினால், உச்சியில் இருப்பது 20ஆம் வளைவு. அந்நாளில் நான் இறங்கும்போது 16ஆம் வளைவிலேயே பாட்டரி நிரம்பிவிட்டது. அதன்பின் மோட்டார் டைனமோவாக நின்று தாங்குவதில்லை. முழுப் பாரமும் சாதாரணப் பிரேக்கின்மீது விழுந்தது. நான் அதை அறியாமல் மிதித்துக்கொண்டே வந்தேன். இதற்காகவே கியர்த் தண்டில் 'பி' என்றொரு நிலை வைத்திருக்கிறார்கள். தண்டை அந்நிலைக்குக் கொண்டு வந்தால் இயந்திரம் பெட்ரோல் குடிக்காமலே சுழன்று வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஓசை சற்று மிகும், பிரேக்கு குளிர்ந்திருக்கும். சமவெளியில் ஓட்டுபவர் அந்த எழுத்தை ஆண்டுக்கணக்கில் தொடாமலே இருந்துவிடலாம். மலைவாசிக்கு அது உயிர்காக்கும் எழுத்து.

குறிப்பேட்டின்படி, மேலேறும்போது லிட்டருக்கு 9 அல்லது 10 கிலோமீட்டர். கீழிறங்கும்போது பெட்ரோல் பெரும்பாலும் செலவாவதில்லை. போய்வரும் 60 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 லிட்டர், அதாவது லிட்டருக்கு 15 கிலோமீட்டர். இத்தனை எடையுள்ள சாதாரணப் பெட்ரோல் கார் இம்மலையில் லிட்டருக்கு 9 தந்தாலே பெரிது. நான் ஆண்டுக்கு ஓட்டுவது சுமார் 8,000 கிலோமீட்டர். கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு 350 லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் 35,000 ரூபாய். முதல் சில ஆண்டுகள் இந்தத் தொகையை ஊதியத்துக்கு மேல் கிடைத்த சன்மானம்போல எண்ணி மகிழ்ந்து செலவும் செய்தேன். அது என் இரண்டாம் பிழை. அதன் விளைவு 2022இல் தெரிந்தது.

அதற்கு முன் ஒரு சிறு பாடம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காலத்து ஊரடங்கு வந்தது. கார் ஏழு வாரம் நின்ற இடத்தில் நின்றது. பின்னர் எடுக்கப் போனால் உயிரே இல்லை. பெரிய பாட்டரி கெட்டதோ என்று நடுங்கினேன். கெட்டது அதுவன்று; விளக்குக்கும் கணிப்பொறிக்கும் மின்சாரம் தரும் சிறிய 12 வோல்ட் பாட்டரி. அது சோர்ந்துவிட்டால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை. வாயிற்காப்போன் உறங்கினால் கோட்டைக் கதவு திறவாது. அதே வாரங்களில் எலி ஒன்று இயந்திரத்தின் பக்கம் குடிபுகுந்து இரண்டு சிறு கம்பிகளையும் கடித்திருந்தது. அன்று முதல், வேலை இல்லையென்றாலும் வாரம் ஒருமுறை ஏரியைச் சுற்றி நாகலூர்ச் சாலை வரை ஓட்டி வருவது என் வழக்கம்.

2022 மே மாதம். கோடைக் கூட்டம் மலையெங்கும் நிறைந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து நண்பகலில் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னும் பின்னும் வண்டிகள். நகர்வதும் நிற்பதுமாக ஏறினோம். 9ஆம் வளைவில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஹைபிரிட் அமைப்பைச் சோதிக்குமாறு எழுத்துகள் தோன்றின. வண்டியின் வலு பாதியாகிவிட்டது. பின்னிருக்கையில் என் மனைவி படுத்திருந்தாள். பின்னாலிருந்தவர்கள் ஒலியெழுப்பினார்கள். எப்படியோ ஊர்ந்து சென்று ஓரத்துச் சுவரருகே நிறுத்தினேன். அரைமணி நேரம் அந்த வெயிலில் அவள் வாய் திறக்கவில்லை. "உங்களை ஒன்றும் சொல்லமாட்டேன், வண்டி குளிர்ந்ததும் மெல்லப் போகலாம்" என்று மட்டும் கூறினாள். அவ்வாறே மெல்ல வீடு சேர்ந்தோம்.

மறுநாள் ஒரு பணிமனையில் காட்டினேன். பாட்டரித் தொகுதி முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள்; செலவு சில லட்சம் என்றார்கள். ஓய்வூதியக்காரனிடம் அத்தொகை ஏது? கிடைத்த விலைக்குக் காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். விற்கும் முன் ஒருவரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. அவர் என் பழைய மாணவர். சேலத்தில் மின்னூர்திகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறார். வகுப்பறைக் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்ததற்காக ஒருநாள் முழுதும் நான் வெளியே நிறுத்தி வைத்தவர்.

அவர் வந்தார். இயந்திரத்தைத் திறக்கவில்லை, பின்கதவைத் திறந்தார். "சார், இந்தக் கம்பளி எத்தனை நாளாக இங்கே இருக்கிறது?" என்றார். மனைவியின் முதுகுக்கு இதமாக இருக்கட்டும் என்று, பின்னிருக்கையின் மேற்புறம் முதல் அடிப்புறம் வரை தடித்த கம்பளி ஒன்றை நான் இழுத்து விரித்திருந்தேன். நான்கு ஆண்டுகளாக அது அங்கேயே இருந்தது. பாட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பயணிகள் அமரும் பகுதியிலிருந்துதான் ஒரு துளை வழியே உறிஞ்சப்படுகிறது. அந்தத் துளையைக் கம்பளி மூடியிருந்தது. உள்ளிருந்த விசிறியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதன் இதழ்களில் கம்பளிப் பஞ்சும் மலைத் தூசியும் சேர்ந்து அடை தட்டியதுபோல் படிந்திருந்தன. நான் அன்பினால் விரித்தது பாட்டரியின் மூச்சை அடைத்திருக்கிறது. காரின் கையேட்டில் அந்தத் துளையை மறைக்கலாகாது என்று எழுதியிருப்பதைப் பின்னர்ப் படித்தேன். பாடநூலைப் படிக்காமல் தேர்வுக்கு வந்த பிள்ளைகளை எத்தனை முறை கண்டித்திருப்பேன்!

விசிறியைத் துடைத்து மாட்டி, 34 பகுதிகளையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். "எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன, சார். வெப்பத்தினால் வயது கூடிவிட்டது. ஆனால் இன்னும் சில ஆண்டுகள் வரும். ஒருநாள் மாற்றத்தான் வேண்டும்" என்றார். அவர் கூலியாகப் பெற்றது ஒருநாள் சம்பளம் மட்டுமே. அன்று அவரை வெளியே நிறுத்தியதை நினைவூட்டினேன். சிரித்தார், மறந்துவிட்டதாகச் சொல்லவில்லை.

கம்பளியைத் துளைக்கு எட்டாதபடி கத்தரித்துத் தைத்தோம். ஆண்டுக்கு ஒருமுறை விசிறியைத் துடைக்கச் செய்கிறேன். அன்றிலிருந்து மற்றொன்றும் செய்து வருகிறேன். அஞ்சலகத்தில் ஒரு தொடர்வைப்புக் கணக்குத் தொடங்கி, மாதம் 3,000 ரூபாய் கட்டுகிறேன். அது பெட்ரோலில் மிச்சமாகும் தொகைதான். அதற்குப் பாட்டரிக் கணக்கு என்று எங்கள் வீட்டில் பெயர். ஹைபிரிட் காரில் மிச்சமாகும் பெட்ரோல் நம்முடைய வருமானம் அன்று. பாட்டரி நமக்குக் கொடுத்த கடன் அது. அதனைச் செலவழித்தவன், பாட்டரி ஓயும் நாளில் காரையே இழப்பான். எடுத்து வைத்தவன் மேலும் பத்தாண்டு ஓட்டுவான்.

அப்படியானால் இலாபம் என்ன என்று கேட்பீர்கள். பணக்கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருந்தால் இதே அளவு பெட்ரோல்தான் செலவாகியிருக்கும். பாட்டரிக் கவலையும் இராது. ஆனால் ஒருமுறைகூடக் குலுங்காமல் 20 வளைவுகளையும் அது கடந்திராது. ஏழு ஆண்டுகளில் மருத்துவமனைக்குச் சென்று திரும்பிய எந்த நாளின் மறுநாளும் என் மனைவி படுக்கையில் கிடந்ததில்லை. அந்த வரவைக் குறிப்பேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இத்தகைய பழைய காரை வாங்க எண்ணுவோர்க்கு மூன்று சொற்கள். முதலாவது, பழுதுபார்த்த பதிவேடு முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டரி விசிறி எப்போது துடைக்கப்பட்டது என்று கேளுங்கள். இரண்டாவது, நெடுநேரம் ஓட்டிப் பார்த்து, பாட்டரியின் அளவுமானியைக் கவனியுங்கள். விரைவில் நிறைந்து விரைவில் குறைந்தால், அதன் கொள்ளளவு சுருங்கிவிட்டது என்று பொருள். மூன்றாவது, பிரேக்குத் தட்டுகளைப் பாருங்கள். மோட்டாரே தடுக்கும் வேலையில் பாதியைச் செய்வதால் அவை தேய்வது குறைவு. ஆனால் மழைக்காலத்தில் பயன்பாடின்றித் துருவேறுவது உண்டு.

எங்கள் காரின் பாட்டரியைச் சோதிக்க எனக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை, மலையே அளவுகோல். முன்பு 16ஆம் வளைவில் நிறைந்தது, இரண்டாண்டுகளுக்கு முன் 17ஆம் வளைவில் நிறைந்தது. சென்ற வாரம் இறங்கியபோது 18ஆம் வளைவைத் தாண்டும் முன்பே நிறைந்துவிட்டது. பாத்திரம் சிறுத்துவருகிறது. என் மனைவி இப்போது முன்னிருக்கையில் அமர்கிறாள். அளவுமானியைப் பார்ப்பது அவள் பொறுப்பு. "நிறைந்துவிட்டது, எழுத்தை மாற்றுங்கள்" என்றாள். 'பி' நிலைக்கு மாற்றினேன். இயந்திரம் உறுமிக்கொண்டு வண்டியைத் தாங்கிப் பிடிக்க, மெல்ல இறங்கினோம். அஞ்சலகக் கணக்கு முதிர இன்னும் சில மாதங்களே உள்ளன. அதுவரை இந்தப் பாட்டரி தாங்கும் என்று நம்புகிறோம்.